புளோரன்சம்மா தட்டு

பிள்ளைகளே, நம் சபையில் எந்தக் கதையும் நடந்தது நடந்தபடியே நிற்பதில்லை. ஒவ்வொரு வாய் மாறும்போதும் ஒரு சுற்றுப் பெருத்துவிடும். தட்டு விஷயத்தையும் இப்போதே இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் உங்கள் அம்மா தட்டை உடைத்தாள். மற்றதில் நம் வீட்டுப் பெரியவள் போதகரை எதிர்த்துப் பேசினாள். இரண்டும் இல்லை. அதனால் நடந்ததை எழுதிவைக்கிறேன். நான் பத்தாவது வரைக்கும் தெலுங்கில் படித்தவன். தமிழ் எழுத்து வேதப்புத்தகத்தையும் பாட்டுப்புத்தகத்தையும் பார்த்து வந்ததுதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

தட்டை நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு ஆகும். மரத்தட்டு. ஒரு கைமுழம் நீளம் இருக்கும். ஓரம் அலை அலையாக வளைந்திருக்கும். நடுவில் பாலாடை நிறம். சுற்றிலும் தங்க நிறத்தில் கொடி சுருண்டு சுருண்டு ஓடும், கொடிக்கு இடையில் பச்சை. நான்கு மூலையிலும் லீலிப் பூ. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பைகளை வாங்கி இந்தத் தட்டில் அடுக்கித்தான் போதகர் பீடத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்து ஜெபம் பண்ணுவார். தட்டின் அடிப்பக்கம் முழுக்கக் காப்பி நிற எனாமல் பெயிண்ட். நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் படாமல் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை, சூட்டுக்கோலால் சுட்ட மாதிரி: புளோரன்ஸ்.

அந்தப் பெயருக்கு நம் சபையில் ஒரு கதை உண்டு. புளோரன்ஸ் அம்மாள் சீமையிலிருந்து கப்பலேறி வந்த நர்சு. வாந்திபேதி காலத்தில் சித்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நோயாளிகளைப் பார்த்தவர். திரும்பிப் போகும்போது, தனக்குத் தேநீர் கொண்டுவரும் தட்டைத் தன் ஞாபகமாக ஆலயத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் சபை நாளன்று ஒரு பிள்ளை எழுந்து நின்று இந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்கிற பிள்ளை ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிடும். உங்கள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது சொன்னாள் இல்லையா, அவள்தான் குதிரையைச் சேர்த்தாள். அதற்கு முன்னால் அந்த அம்மாள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தார். அவளுக்குப் பிறகு ஒரு பையன் பாலசமுத்திரம் ரோட்டில் ஒரு புலியை விட்டான். அதைப் போதகர் எடுத்துவிட்டார். குதிரை மட்டும் நின்றுவிட்டது.

உங்கள் அம்மா நர்சானதும் அந்தக் கதையால்தான். இதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

இனி அவளுடைய கிராஃப்ட் விஷயம். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் டூட்டிக்குப் போய் வருகிறவளுக்குப் போன்தான் துணை. வீடியோ பார்த்துப் பார்த்து, தட்டு அலங்காரம் செய்கிறதைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சாமான் கடை. அங்கே வெறும் மரத்தூள் பலகைத் தட்டு விற்கும். அதை வாங்கி வந்து வெள்ளை அடித்து, உப்புக்காகிதத்தால் தேய்த்து, பூப்போட்ட மெல்லிய காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி, ஓரத்துக்குத் தங்க ரேக்கு போடுவாள். ரேக்கு என்றால் சிறு சிறு தாளாக, மூச்சு விட்டால் பறக்கிற கனத்தில் வரும். தங்கம் கிடையாது, பித்தளை. ஆனால் ஒட்டிவிட்டால் தங்கம்தான். நிச்சயதார்த்தத்துக்கு வரிசைத் தட்டு வேண்டும் என்று அவள் கூட வேலை பார்க்கிற தெலுங்கு அம்மாக்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த நாட்களில் வீட்டில் ஃபேன் போடக் கூடாது. ரேக்கு பறக்கும். தோசை மாவில் தங்கம், என் காக்கிச் சட்டையில் தங்கம். நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். பிள்ளைகள் என் முதுகைப் பார்த்து, "டிரைவர் அங்கிள் கல்யாணத்துக்குப் போய் வந்தாரு" என்று சிரிக்கும். சின்னவன் ஒரு நாள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்.

"நைனா, தம்பி தங்கம் துன்னுட்டான்" என்று பெரியவள் என்னிடம் ஓடிவந்தாள்.

உங்கள் அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு வெளிய வரும், விடு. வந்தா எனக்குச் சொல்லு, கழுவி ஒட்டிக்கறேன்" என்றாள்.

அறுப்புப் பண்டிகையில்தான் தட்டுக்குச் சேதம் வந்தது. காய்கறி, பழம் எல்லாம் பீடத்துக்கு முன்னால் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள் இல்லையா. யாரோ ஒரு பெரிய பூசணிக்காயை அந்தத் தட்டில் வைத்துத் தூக்கியிருக்கிறார்கள். ஓரம் ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்து வந்துவிட்டது. பூசணிக்காயைக் கொண்டுவந்தவர் யார் என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சபைச் செயலர் தட்டையும் பெயர்ந்த துண்டையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிதானமான மனிதர்.

"இன்னாம்மா, கல்யாணத் தட்டுக்கெல்லாம் கில்ட் போடறியாமே. நம்ம அம்மா தட்டுக்குப் போட்டுக் குடு" என்றார்.

உங்கள் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுவரைக்கும் சபையில் அவள் கிராஃப்டை யாரும் வேலையென்று மதித்ததில்லை. "சபை நாளுக்குள்ள குடுத்துடறேன் சார்" என்றாள்.

"அதான் வேணும். இந்த வருஷம் கதை சொல்றதும் உங்க வூட்டுப் பொண்ணுதான். கமிட்டியில பேசிட்டோம்."

பெரியவள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருஷமாக அவள் பெயர் வரும் வரும் என்று பார்த்து வராமல் போயிருந்தது.

உடைந்த இடத்தை உங்கள் அம்மா பார்த்தபோது உள்ளே வரிசை வரிசையாகத் தெரிந்தது. மரம், அதன் மேல் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, அதன் மேல் செங்கல் நிற மண் பூச்சு, அதன் மேல் ரேக்கு. "நான் செய்யறதும் இதேதாங்க. மண்ணு மட்டும் எனக்குத் தெரியாது" என்றாள். எப்படிச் செய்வது என்று போனில் தேட ஆரம்பித்தாள். தட்டைப் படம் பிடித்துப் போட்டால் அதே மாதிரி தட்டுகளைக் காட்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் காலை வைக்கவில்லை, அதற்குள் கூப்பிட்டாள். "இங்க வாங்க. நம்ம புளோரன்சம்மாவ உலகமே பேசிக்கினு கீது."

பார்த்தேன். அதே அலை ஓரம், அதே சுருள் கொடி, அதே லீலிப் பூ. ஒன்றில்லை, நூறு தட்டு. பெட்டி, கண்ணாடிச் சட்டம், நாற்காலி முதுகு என்று எல்லாவற்றிலும் அதே கொடி. எல்லாவற்றுக்கும் மேலே இங்கிலீஷில் 'புளோரன்டைன்' என்று போட்டிருந்தது. வீட்டிலேயே இப்படிச் செய்து பார்க்கலாம் என்று சொல்லித் தருகிற பெண்கள் வேறு. ஒருத்தி பழைய சாப்பாட்டுத் தட்டை எடுத்து, சிவப்பு அடித்து, ரேக்கு போட்டு, ஊசியால் கோடு கீறினாள். கீறின இடத்தில் சிவப்பு தெரிந்தது.

"நர்சு வேலைக்கு நடுவுல இத்தினி தட்டு செஞ்சிருக்காங்க பாரு. அவங்க பேரையே வெச்சிட்டாங்க இந்த வேலைக்கு" என்றாள் உங்கள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நமக்குத் தெரிந்த புளோரன்ஸ் ஒருத்தர்தான். தையல் டீச்சர் ஒருவர் பேரையே அவர் சொல்லிக்கொடுத்த தையலுக்கு வைக்கிற மாதிரி இது என்று நினைத்துக்கொண்டோம்.

பெரியவளுக்கு அதைவிடச் சந்தோஷம். இதுவரைக்கும் யாரும் சொல்லாத புது விஷயம் தன் கதையில் வரப்போகிறது. இன்னும் கொஞ்சம் தேடி எழுதிக்கொள்கிறேன் என்று போனை வாங்கிக்கொண்டு போனாள்.  பிறகு மெதுவாக வந்தாள்.

"அம்மா."

"இன்னாடி, எந்த ஊர்க்காரங்கன்னு போட்டுக்குதா?"

"ஊர்க்காரங்க இல்லமா. ஊரே."

போனில் வரைபடம். ஆறு, பாலம், சிவப்பு ஓட்டு வீடுகள். இத்தாலி தேசத்தில் ஒரு ஊர். அந்த ஊர் சித்திர வேலைக்கும் தங்க வேலைக்கும் பேர் போனது, அந்த ஊர் வேலையென்றால் புளோரன்டைன். பெரியவள் வாசித்துக்கொண்டே போனாள். உங்கள் அம்மா முதலில் விட்டுக்கொடுக்கவில்லை. "ஊர்ப் பேரை மனுஷங்களுக்கு வெக்கறதில்லையா? உங்க நைனா பிரெண்டு பேரு பழனி. அவரு ஊரா?" என்றாள்.

அதிலும் நியாயம் இருந்தது. அதனால் அடிப்பக்கத்தைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. காப்பி நிறப் பெயிண்ட் எப்படியும் செதில் செதிலாக எழும்பியிருந்தது, தேய்த்துவிட்டுப் புதுசாக அடிக்கத்தான் இருந்தாள். நகப்பூச்சு எடுக்கிற தைலத்தைத் துணியில் நனைத்து வைத்து வைத்துத் தேய்த்தாள். பெயருக்கு மேலே இரண்டு வார்த்தை வந்தது: 'மேட் இன்'. கீழே ஒரு வார்த்தை வந்தது: 'இத்தாலி'.

மூன்று வரியையும் சேர்த்துப் படித்தால் பிஸ்கட் டப்பாவின் அடியில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. நான் அப்படியே சொல்லியும்விட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் அம்மா தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். 

மறுநாள் செயலர் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தார். முன்பக்கத்தைப் பார்த்து மெச்சினார். ஓரம் ஒட்டி, புது ரேக்கு போட்டு, அது பழசோடு சேராமல் பளபளவென்று இருந்ததால் மேலே கொஞ்சம் பழுப்பு பூசியிருந்தாள். அவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோய், "இன்னாம்மா சூ பாலிஷ் வாசனை வருது?" என்றார்.

"சூ பாலிஷ்தான் சார். வாசனை போயிடும்."

"ஐயருகிட்ட சொல்லிடாத." போதகரை நம் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம்.

பிறகு அவர் தட்டைத் திருப்பினார். மூன்று வரியையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். புளோரன்ஸ் என்று ஒரு அம்மாளே இல்லை என்பதுகூட அவருக்கு முதலில் உறைக்கவில்லை. "இத்தாலியா? அது ரோமன்காரங்க ஊராச்சே. இத்தினி வருஷமா ரோமன் தட்டுலயா காணிக்கை எடுத்துக்கினு இருந்தோம்?"

"ரோம் வேற, இது வேற சார். நடுவுல பெங்களூரு தாண்டிப் போற தூரம் கீதாம்" என்றேன்.

"தேசம் ஒண்ணுதானேப்பா."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்த மாதிரி இருந்தது. முதலில் பெயிண்ட் அடித்தவரும் இது ரோமன் கத்தோலிக்கர் தட்டு என்று இப்படித்தான் பயந்திருப்பார். நம் சபையில் மாதா படம் போட்ட காலண்டரைக்கூட வீட்டில் மாட்டமாட்டார்கள். அந்த மனுஷன் இத்தாலியை மறைத்திருக்கிறார். ஒன்றை மறைத்து ஒன்றை விட்டால் அசிங்கமாக இருக்கும் என்று மேல் வரியையும் மறைத்திருக்கிறார். ஊர்ப் பெயர் அழகாக இருந்ததால் அதை விட்டுவிட்டார். அப்புறம் வந்தவர்கள் அதைப் பெண் பெயராகப் படித்தார்கள். இது என் ஊகம். நிச்சயம் என்று சொல்லமாட்டேன்.

செயலர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ ஒண்ணு பண்ணும்மா. முன்ன இருந்த மாதிரியே ரெண்டு வரிய அடிச்சுடு. பேரு மட்டும் இருக்கட்டும்."

"பெயிண்ட் அடிக்கறது ஒரு வேலையா சார். பொண்ணு இன்னா பேசுவா?"

"கத்துக்கினத பேசட்டும்."

பெரியவள் அங்கேயே இருந்தாள். "எனக்குத் தெரிஞ்சு போச்சே தாத்தா" என்றாள்.

"தெரிஞ்சா? தெரிஞ்சத எல்லாம் சொல்லிக்கினா கீறோம்? உங்க நைனாவுக்கு எவ்ளோ தெரியும், வாயத் தொறக்கறாரா பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் போகும்போது வாசலில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசானவங்க நெறைய பேர் கீறாங்கப்பா. அந்த அம்மா பேரச் சொல்லித்தான் வியாதியஸ்தருக்கு ஜெபம் பண்ணிக்கினு இருக்காங்க" என்றார். அவருடைய மனைவியும் அப்படி ஒருத்தி என்று எனக்குத் தெரியும்.

போதகருக்குப் போன் பண்ணினோம். அவர் குப்பம் டவுனில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். முழுசும் கேட்டார். "நோட்டீசு அச்சாயிடுச்சேம்மா, புளோரன்ஸ் அம்மாள் நினைவுன்னு போட்டுட்டாங்க" என்றார் முதலில். பிறகு, "பேரு தெரியாதவங்களுக்கு நன்றி சொல்லக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. பொய்யின்னு தெரிஞ்சத பிள்ளைய விட்டுச் சொல்ல வைக்கறதும் சரியில்ல. ஜனங்க வருத்தப்படுவாங்க, அதுவும் நிஜம். பிள்ள எப்படிச் சொன்னாலும் நான் அவ கூட நிக்கறேன்" என்றார். நல்ல பதில்தான். ஆனால் முடிவு மறுபடியும் நம் வீட்டுக்கே வந்துவிட்டது.

பெரியவள், "நான் சொல்லல. வேற யாராச்சும் சொல்லட்டும்" என்றாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. "வேற பிள்ள சொன்னா மட்டும் நெஜமாயிடுமா? நீ ஏத்துக்கினது. அந்த அம்மாவ நம்பித்தாண்டி நான் ஊசியக் கையில எடுத்தேன்."

"ஊசி நீதானம்மா போடற."

 துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. எனாமல் டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷையும் எடுத்துவைத்தாள். பிறகு டப்பாவை மூடிவிட்டு, வெறும் வார்னிஷை எடுத்து அடிப்பக்கம் முழுக்க ஒரு கை பூசினாள். மூன்று வரியும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. நான் ஏன் என்று கேட்டேன். "அவ நாளைக்கு இன்னா சொல்றாளோ சொல்லட்டும். பழைய கதையச் சொன்னா திங்கக்கெழம பெயிண்ட் அடிச்சுடறேன்" என்றாள். பெரியவளுக்கும் இது கேட்டிருக்கும்.  என்ன சொல்லப்போகிறாள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள், அது வேறு.

சபை நாளன்று கோயில் நிறைந்திருந்தது. காலையிலேயே செயலர் தட்டை வாங்கிப் பீடத்தின் மேல் வைத்துவிட்டார், அடிப்பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. பாட்டு முடிந்ததும் நோட்டீசில் இருந்தபடி, "புளோரன்ஸ் அம்மாளின் சரித்திரம்" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார். பெரியவள் முன்னால் போனாள். சின்னவன் என் மடியில் இருந்தான். உங்கள் அம்மா பெண்கள் பக்கத்தில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

பெரியவள் போதகரிடம் கேட்டுத் தட்டைக் கையில் வாங்கினாள். அது வழக்கத்தில் இல்லாதது. தட்டைத் திருப்பி, மூன்று வரியையும் இங்கிலீஷில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் இதுதான்:

"இது புளோரன்ஸ் என்கிற ஊரில் செய்த தட்டு. அந்த ஊரில் தட்டுகளில் இப்படித் தங்கம் பூசுவார்கள். எங்கள் அம்மாவும் வீட்டில் அப்படித்தான் பூசுகிறார்கள், ஆனால் அது பித்தளை. இதைச் செய்தவர் பெயர் இதில் இல்லை. கொடுத்தவர் பெயரும் இல்லை. வாந்திபேதி வந்தபோது இங்கே வந்து நோயாளிகளைப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது. அதனால் நான் பெயர் சொல்லாமல் நன்றி சொல்கிறேன்."

அதற்குப் பிறகு மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். அது மறந்துவிட்டது. முதல் வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், நின்றுவிட்டாள். போதகர் அவள் பக்கத்தில் வந்து நின்று வசனத்தை எடுத்துக் கொடுத்தார். சபை முழுக்கச் சேர்ந்து சொன்னது. அவ்வளவுதான் நடந்தது. எதிர்ப்பும் இல்லை, பேச்சும் இல்லை.

ஆராதனை முடிந்த பிறகுதான் பேச்சு. ஜனங்கள் தட்டைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். செயலரே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தொடாத, வார்னிஷ் காயல" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.  ஒருவர், "தெரியாமலே இருந்திருக்கலாம்" என்று என் காதில் விழும்படி சொன்னார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

செயலருடைய மனைவி உங்கள் அம்மாவிடம் வந்தார். மூட்டு வலிக்காரர், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "ஏம்மா, அப்போ குதுர?" என்று கேட்டார்.

"குதுர நான் விட்டது, அக்கா."

"அது தெரியும். எனக்குக் குதுர மேலதான் ஆச. உன் பொண்ணு அதயும் சேத்து இல்லன்னுட்டாளா?"

"குதுரயப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலியே."

"அப்ப சரி" என்று அவர் போய்விட்டார்.  உங்கள் அம்மா வந்து பெரியவள் தலையில் முக்காட்டைச் சரிபண்ணிவிட்டாள். "வசனத்த ஒயுங்கா படிச்சிருக்கலாம்" என்றாள்.  திங்கட்கிழமை பெயிண்ட் டப்பாவைப் பக்கத்து வீட்டுக்காரர் தன் கேட்டுக்கு வேண்டும் என்று கேட்டார், கொடுத்துவிட்டாள்.

தட்டை என்னவென்று கூப்பிடுவது என்று பெண்கள் சங்கத்தில் பேசினார்களாம். இத்தாலித் தட்டு என்றால் செயலர் முகம் சுளிக்கிறார். வெறும் காணிக்கைத் தட்டு என்றால் பித்தளைத் தட்டு ஒன்றும் இருக்கிறது, குழப்பம் வரும். கடைசியில் புளோரன்சம்மா தட்டு என்றே விட்டுவிட்டார்கள். ஊருக்கு ஏது அம்மா என்று ஒருத்தி கேட்டதற்கு, நம் போதகரின் மனைவிதான், "திருப்பதிக்குக் கங்கம்மா இல்லியா" என்று வாய்தவறி இந்துக்களின் ஊர் அம்மனைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று கேள்வி. இது எனக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை வாய் மாறியதோ.

வருகிற சபை நாளுக்குக் கதை சொல்ல ஒரு சின்னப் பெண்ணை வைத்திருக்கிறார்கள். போன வாரம் அவள் நம் வீட்டுக்கு வந்து பெரியவளிடம் கேட்டாள்.

"அக்கா, நான் ஊர்லருந்து ஆரம்பிக்கட்டா, நர்சம்மாகிட்டருந்து ஆரம்பிக்கட்டா?"

நீயே பார்த்துவிட்டுச் சொல் என்று பெரியவள் அவளை ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தட்டைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டின இடம் எது என்று அந்தச் சின்னப் பெண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை.